புதுப்பேட்டை கேம், பழைய டேப்பட்: அஞ்சாவது வால்வுல மட்டும் கேப் ஏறிக்கிட்டே போகுது, உதவி வேணும்

பெரம்பூர்_அம்பி:
வணக்கம். அப்பா வச்சிருந்த 1987 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். இஞ்சினை இறக்கி போர் பண்ணியாச்சு. பிஸ்டன், பேரிங் எல்லாம் ஜிபி ரோட்ல வாங்கின புதுசு. கேம் ஷாஃப்ட்ல (வால்வுகளைத் திறக்க வைக்கிற தண்டு) குழி விழுந்திருந்தது, புதுசு தேடிப் பார்த்தேன், கிடைக்கல. புதுப்பேட்டையில பழைய கேம் ஒண்ணு பளபளன்னு இருந்தது, வாங்கிட்டேன். டேப்பட் (கேம் மேல உக்காந்து வால்வைத் தள்ளுற சின்ன உருளை) எட்டும் எங்க இஞ்சின்ல ஏற்கனவே இருந்த பழசு. மொத்தமா ஒரே தட்டுல போட்டு மண்ணெண்ணெய்ல கழுவி மாட்டினாங்க.

300 கி.மீ. ஓடியிருக்கு. மூணாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட், அதாவது முன்னாடியிருந்து அஞ்சாவது வால்வு, ராக்கருக்கும் (வால்வை அமுக்குற கை) வால்வுக்கும் நடுவுல கேப் 15 தௌ (ஆயிரத்துல 15 அங்குலம்) வச்சா பூந்தமல்லி போய்ட்டு வர்றதுக்குள்ள 22 ஆயிடுது. மூணு தடவை வச்சாச்சு. மத்த ஏழும் அப்படியே நிக்குது. பாடி மேம்பாலம் ஏறும்போது கார்ப்புரேட்டர்ல பட் பட்னு வெடிக்குது. மெக்கானிக் "ஓட ஓட செட் ஆயிடும் சார்"ங்கறார். ஆகுமா?

கொரட்டூர்_கார்:
ஈயம் இல்லாத பெட்ரோல்தான் காரணமா இருக்கும் ப்ரோ. பழைய ஹெட்ல எக்ஸாஸ்ட் சீட் (வால்வு மூடும்போது உக்கார்ற இடம்) தேயும். சீட்டை மாத்துங்க.

அம்பத்தூர்_பட்டறை:
கொரட்டூர் தம்பி, சீட் தேஞ்சா வால்வு மேல ஏறும், கேப் குறையும். இவருக்கு ஏறுது. அதனால ஹெட்டை விடுங்க, கோளாறு கீழ இருக்கு.

இன்னொண்ணு, கேம் மூக்கு (வால்வைத் திறக்கிற மேடு) மட்டும் தேஞ்சா கேப் மாறாது. நாம கேப் வைக்கிறது கேமோட முதுகுப் பக்கம், அதாவது மூக்குக்கு எதிர்ப்பக்கம் பார்த்து. கேப் ஏறுதுன்னா டேப்பட் முகம் தேயுது. கூடவே மூக்கும் போயிருக்கும். அதான் எக்ஸாஸ்ட் சரியாத் திறக்காம, புகை வெளியேற வழியில்லாம கார்ப்புரேட்டர் பக்கம் திரும்பி வெடிக்குது.

டேப்பட் முகம் பார்க்க தட்டையா இருக்கும், ஆனா நடுவுல மயிரிழை அளவு மேடு உண்டு. அந்த மேட்டாலதான் அது சுத்திக்கிட்டே ஓடும். பல வருஷம் ஒரே கேம் மூக்கோட ஓடி ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகியிருக்கும். அந்த ஜோடியைப் பிரிச்சு வேற கேம்ல வச்சா சுத்தாது, ஒரே இடத்துல தேய்க்கும். பழைய கேம்ல புது டேப்பட் போடலாம், பரவாயில்ல. புது கேம்ல பழைய டேப்பட் போடவே கூடாது. நீங்க செஞ்சது வேற இஞ்சின் கேம், அதுல வரிசை கலைஞ்ச டேப்பட். மெக்கானிக்கை நான் குறை சொல்லல, எந்த டேப்பட் எந்த இடம்னு முட்டை அட்டையில நம்பர் எழுதி வைக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

ராக்கரை எடுத்துட்டு புஷ் ராட் (டேப்பட்டுக்கும் ராக்கருக்கும் நடுவுல இருக்கிற கம்பி) தலையில டயல் கேஜ் வச்சு எட்டு லிஃப்டையும், அதாவது கேம் எவ்வளவு தூக்குதுன்னு, எழுதுங்க. ஒரு எச்சரிக்கை: ராக்கரைப் பிடிக்கிற நட்டுல நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்குது. தண்ணியை இறக்கிட்டு, ஹெட் நட்டு மொத்தத்தையும் வரிசைப்படி கொஞ்சங் கொஞ்சமாத் தளர்த்துங்க. இல்லேன்னா ஹெட் கோணிக்கும்.

டேப்பட்டை எடுக்க மேனிஃபோல்டு பக்கம் மூடி இருக்கு. முகத்துல ஸ்டீல் ஸ்கேல் விளிம்பை வச்சு வெளிச்சத்துல பாருங்க. நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அது குழி, பழைய இரும்புக்குப் போகட்டும்.

வண்டியை இனி ஓட்டாதீங்க. தேஞ்ச தூள் ஆயில்ல கலந்து உங்க புது பேரிங்ல போய்ப் படியுது.

பெரம்பூர்_அம்பி:
அண்ணே, நீங்க சொன்னதுதான். அஞ்சாவது லிஃப்ட், மத்த எக்ஸாஸ்ட் மூணையும் விட 0.8 மி.மீ. கம்மி. டேப்பட் முகம் கிண்ணம் மாதிரி இருக்கு. ஆயில் சேம்பரைக் கழட்டினா அடியில வெள்ளி மை ஊத்தின மாதிரி. பேரிங் ஒண்ணுல கீறல், மாத்தறேன். புது டேப்பட் எட்டு கிடைச்சிருச்சு. இந்தக் கேமையே வச்சுக்கலாமா?

அம்பத்தூர்_பட்டறை:
வேண்டாம். அஞ்சாவது மூக்கு போச்சு. வேற கேம் பாருங்க. பளபளப்பைப் பார்க்காதீங்க, மைக்ரோமீட்டர் கையில கொண்டு போங்க. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ராக்கர் முனையையும் தடவிப் பாருங்க. பள்ளம் இருந்தா ஃபீலர் கேஜ் (கேப் அளக்கிற தகடு) அதுக்கு மேல பாலம் மாதிரி நிக்கும், 15ன்னு காட்டும், நிஜத்துல 20 இருக்கும்.

மாட்டும்போது கேம் மேல மாலிப்டினம் கிரீஸ் தாராளமாத் தடவுங்க. ஸ்டார்ட் ஆனதும் ஐடில்ல விடாம 2000 ஆர்பிஎம்ல இருபது நிமிஷம். கிராங்க் தெறிக்கிற ஆயில்தான் கேமுக்கு, மெதுவா ஓடினா பத்தாது. பழைய இஞ்சினுக்கு துத்தநாகம் அதிகம் உள்ள ஆயில் வேணும். லாரிக்கு ஊத்துற சிஐ-4 தரம், 15டபிள்யூ-40 ஆயில் போதும். இருபது நிமிஷம் முடிஞ்சதும் ஆயில், ஃபில்டர் ரெண்டையும் மாத்திடுங்க.

கேப் வைக்க ஒன்பது கணக்கு (ரெண்டு வால்வு நம்பரும் கூட்டினா ஒன்பது): நாலாவது முழுசாத் திறந்திருக்கும்போது அஞ்சாவதை வை. எட்டுக்கு ஒண்ணு, ஏழுக்கு ரெண்டு.

பெரம்பூர்_அம்பி:
மூணாவது கடையில நல்ல கேம் கிடைச்சுது. நேத்து மாட்டி, 2000ல இருபது நிமிஷம் பிடிச்சேன், தெருவே எழுந்து வந்துருச்சு. இன்னிக்கு பாடி மேம்பாலம் ரெண்டு தடவை ஏறி இறங்கினேன், வெடிக்கல. சாயங்காலம் ஆறினதும் அளந்தேன், அஞ்சாவது 15. அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்ப அளந்து போடறேன்.