வைரத்தை மாற்றிப் பெரிய கல் எடுப்பது: கீழக்கரை, ராமநாதபுரம் பக்கத்து அனுபவப் பகிர்வு

பெரியபட்டினத்திலிருந்து கேள்வி

52 சென்ட் (0.52 கேரட்) ஒற்றைக்கல் வைர மோதிரம், 18 கேரட் தங்கம், 2016 பில்லும் சர்டிபிகேட்டும் இருக்கின்றன. கூடவே பழைய ஏழுகல் தோடு ஒரு ஜோடி. அதற்குக் காகிதம் எதுவும் இல்லை. இரண்டையும் கொடுத்து ஒரு கேரட் மோதிரம் எடுக்க வேண்டும். கடையில் "வைரத்துக்கு நூறு சதவீதம் மதிப்பு" என்கிறார்கள். எதற்கு நூறு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராமநாதபுரம், நகைக்கடையில் பழைய நகை மதிப்பிடுபவர்

அக்கா, அந்த 2016 பில்லை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். அதில் நான்கு தொகை இருக்கும்: தங்கம், வைரம், செய்கூலி அல்லது சேதாரம், வரி. கடைசி இரண்டும் போனது போனதுதான், எந்தக் கடையிலும் திரும்ப வராது. நூறு சதவீதம் என்பது வைரத்துக்கான தொகைக்கு மட்டும். அதிலும் இரண்டு அர்த்தம் உண்டு. பில்லில் போட்ட வைர விலையில் நூறா, அதே தரக் கல்லின் இன்றைய விலையில் நூறா? கல் விலை இறங்கியிருக்கும் காலத்தில் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். வாயால் கேட்டால் போதாது, எஸ்டிமேட் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இன்னும் மூன்று நிபந்தனை வழக்கமாக ஒளிந்திருக்கும். அதே கடையின் பில்லாக இருக்க வேண்டும். புதுக்கல் பழையதைப் போல் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ விலையாக இருக்க வேண்டும். பணமாகக் கேட்டால் கழிவு உண்டு. நூறு என்பது மாற்றி எடுப்பவர்களுக்குத்தான்.

தங்கக் கணக்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதுவும் கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்யாமலே. உங்கள் மோதிரம் தராசில் 4.204 கிராம் நிற்கிறது என்று வையுங்கள். வைர எடையில் ஒரு கேரட் என்பது 0.200 கிராம். ஆக 52 சென்ட் கல்லின் எடை 0.104 கிராம்தான். அதைக் கழித்தால் தங்கம் 4.100 கிராம். ஆனால் அவசரத்தில் கல் கழிவு என்ற இடத்தில் 0.520 என்று அடித்துவிட்டால் தங்கம் 3.684 ஆகிவிடும். 0.416 கிராம் காணாமல் போகும். சுத்தத் தங்கம் கிராம் 10,000 என்று கணக்குக்கு வைத்தால், 18 கேரட்டுக்கு 7,500 வீதம் 3,120 ரூபாய். கேரட்டையும் கிராமையும் குழப்பியதற்கு அவ்வளவு விலை.

தரம் பார்க்கும் மெஷினில் மோதிரத்தின் உள்பக்கம் இரண்டு மூன்று இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பற்றவைத்த இடத்தில் வைத்தால் டச் (தங்கத்தின் தரம்) குறைத்துக் காட்டும். வெள்ளைத் தங்கமானால் மேலே ரோடியம் முலாம் இருக்கும். மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும் என்பதால் ஓரிடத்தில் அரத்தால் லேசாக ராவிவிட்டுப் பார்க்க வேண்டும். 2016 நகையில் ஆறெழுத்து எச்யுஐடி (ஹால்மார்க் நகை ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்காது. அதைச் சொல்லி விலை குறைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எச்யுஐடி இல்லாமல் கடை நகை விற்கக் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல்தான். வீட்டிலிருக்கும் பழைய நகையை நீங்கள் விற்கவோ மாற்றவோ அது தடையே இல்லை.

ஒரு வரிசை முறை உண்டு, அதை மாற்றாதீர்கள். பழையதன் மதிப்பு தங்கம், வைரம் என்று தனித்தனியாக எழுதிக் கைக்கு வந்த பிறகுதான் புதுத்தட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். புது மோதிரம் பிடித்துப்போய்விட்டது என்று தெரிந்தால், பழையதற்கு ஐயாயிரம் கூட்டிக் காட்டிவிட்டுப் புதியதன் தள்ளுபடியை எடுத்துவிடுவார்கள். கூட்டித் தந்ததுபோல் இருக்கும், கையிலிருந்து போவது அதேதான்.

கீழக்கரை, கல் தரகர்

காக்கா (அண்ணன்) சொன்ன தங்கக் கணக்கு சரி. ஆனால் 52 சென்ட் கல்லில் பணம் இருப்பது கல்லில்தான்; அதைப் பார்ப்போம்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியை எடுத்து, கல்லை மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் பாருங்கள். மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இடுப்பு விளிம்பைக் கர்டில் என்பார்கள். ஜிஐஏ, ஐஜிஐ என்ற சோதனைக் கூடங்களின் சர்டிபிகேட் உள்ள பல கற்களில் அங்கேதான் லேசரில் ரிப்போர்ட் எண் பொறித்திருக்கும். மயிரிழைப் பொடி எழுத்து. அழுக்கு இருந்தால் தெரியாது. பொறித்த எண்ணும் காகித எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் காகிதம் இந்தக் கல்லுக்கு உரியது. எண் பொறிக்காத கல்லானால் விட்டத்தை அளந்து காகிதத்தில் உள்ள மில்லிமீட்டரோடு ஒப்பிட வேண்டும். வட்டக் கல் அரை கேரட்டுக்கு ஏறக்குறைய 5.1, ஒரு கேரட்டுக்கு 6.5, பத்து சென்ட்டுக்கு 3 மில்லிமீட்டர். கழற்றாமல் எடை பார்க்க விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 0.0061-ஆல் பெருக்கவும். 5.15 விட்டம், 3.15 ஆழம் என்றால் 0.51 கேரட் வரும்.

அதே விளிம்பில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: தெறிப்பு. வைரத்தை இன்னொரு வைரம் தவிர வேறெதுவும் கீறாது, ஆனால் உடைக்க முடியும். இழை ஓடும் திசையில் அடி விழுந்தால் சில்லாகப் பிளக்கும். மோதிரக் கல்லில் அது பிடிநகத்துக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும். அம்மிக்கல், கிணற்றுச் சுவர், கார்க் கதவு எல்லாம் விரலில்தானே இடிக்கிறது. தெறிப்பு இருந்தால் மறுபடி பட்டை போட வேண்டும். அப்போது 0.52 கல் 0.48-க்கு இறங்கினால் நாலு சென்ட் மட்டும் நட்டமில்லை. வைரத்தின் விலை 0.30, 0.50, 0.70, 0.90, 1.00 என்று படிப்படியாக நிற்கிறது. அரை கேரட் படியிலிருந்து இறங்கினால் கேரட் ஒன்றுக்கான விலையே மாறிவிடும். அதனால் கடைக்காரர் தெறிப்பைக் காட்டிக் கழித்தால் அது நியாயம். ஆனால் தெறிப்பை உங்கள் கண்ணுக்கு லூப்பில் காட்டிவிட்டுக் கழிக்கட்டும்.

படி விலை உங்களுக்கும் உதவும். புதுக்கல் 1.00-தான் வேண்டும் என்று நிற்காமல் 0.92, 0.95 கேட்டுப் பாருங்கள். விட்டத்தில் வித்தியாசம் நூல் அளவுதான், விரலில் யாருக்கும் தெரியாது.

ஏழுகல் தோட்டுக்கு வருவோம். காதுக்கு ஏழு, ஜோடிக்கு 14 கல். கல் பத்து சென்ட் என்றால் மொத்தம் 1.40 கேரட். "கிட்டத்தட்ட ஒண்ணரை கேரட் வைரம் இருக்கு" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். விலை பத்து சென்ட் கல்லின் விலைதான், ஒரு கேரட் கல்லின் விலை அல்ல. பழைய பட்டையாக இருந்தால் இன்னும் குறைப்பார்கள், ஏனென்றால் இன்றைய பட்டைக்கு மாற்றும்போது என்ன மிஞ்சும் என்றுதான் கணக்குப் போடுவார்கள். என் கருத்து: ஏழும் ஒரே நிறத்தில் ஒரே அளவில் பொருந்திய பழைய கமலத் தோட்டைக் கழற்றி விற்காதீர்கள். அப்படிப் பொருந்திய ஜோடி சேர்ப்பது பெரிய வேலை. கடை தரும் விலையில் அந்த வேலைக்கு ஒரு பைசாவும் இருக்காது.

"புளூ ஜாகர்" என்று சொல்லிக் கூடுதல் கேட்பதும் கொடுப்பதும் நம் பக்கம் அதிகம். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டீன் சுரங்கத்தின் பெயர் அது. சுரங்கத்தை 1971-இல் மூடிவிட்டார்கள். பெரிய சோதனைக் கூடங்கள் காகிதத்தில் அந்தப் பெயரை எழுதுவதில்லை. நீலம் தெரிவது பெரும்பாலும் புற ஊதா ஒளியில் கல் விடும் ஒளிர்வு. அதைக் காகிதத்தில் ஃப்ளோரசன்ஸ் என்று போட்டிருப்பார்கள். வெள்ளை நிறம் உச்சத்தில் உள்ள கல்லுக்கு அது அதிகமாக இருந்தால் உலகச் சந்தையில் விலை குறையும். நீங்கள் வாங்கும்போது புளூ ஜாகர் என்று கூட்டி, கொடுக்கும்போது ஒளிர்வு என்று கழித்தால், அங்கேயே கேளுங்கள்.

பெரியபட்டினம்

தோட்டுக் கல் மங்கலாக இருக்கிறது காக்கா. கொடுக்கும் முன் வீட்டில் கழுவிக் கொண்டு போகலாமா?

கீழக்கரை, பட்டறை ஆசாரி

தோட்டைக் கழுவாதீர்கள் அம்மா. மோதிரம் பின்பக்கம் திறந்த கட்டு. அதை வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு அரைமணி ஊறவைத்து, குழந்தை பிரஷ்ஷால் அடிப்பக்கம் தேய்க்கலாம். வைரத்துக்கு எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. மஞ்சள், தலைக்கு வைத்த எண்ணெய், நம் ஊர் உப்பு போர்த் தண்ணீரில் சோப்பு திரிந்து படியும் வெள்ளை எல்லாம் சேர்ந்து அடியில் ஏடு கட்டிவிடும். அதை எடுத்தாலே கல் நிறம் ஒரு படி ஏறியதுபோல் தெரியும்.

பழைய தோடு மூடிய கட்டு. கல்லின் அடியில் மினுக்கத் தகடு வைத்துப் பின்னால் அடைத்திருக்கும், சிலவற்றில் அரக்கும் உண்டு. ஊறவைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கித் தகடு கறுத்துவிடும், கல் செத்ததுபோல் ஆகிவிடும். தகடு இருக்கும் வரை கல்லின் உண்மையான நிறத்தையும் யாரும் சொல்ல முடியாது. கட்டோடு பார்த்து நிறம் சொல்லி விலை போட்டால் அது உத்தேசம்தான். தகடு, அரக்கு எடை எல்லாம் பிரித்த பிறகுதான் தெரியும்.

பிரிப்பதானால் உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். முன்பே மொத்த எடை, கல் எண்ணிக்கை எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. பிரிக்கும்போது கல் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் அதே சீட்டில் எழுத வேண்டும், பிறகு பேச முடியாது. திருகாணியையும் சுரையையும் தனியாக நிறுக்கச் சொல்லுங்கள், அவை மட்டும் வேறு டச்சில் இருப்பது உண்டு.

கல்லோடு சேர்த்து நெருப்புக் காட்டவே கூடாது. வைரம் கரிதான், காற்றில் அதிகச் சூடு ஏறினால் மேல்பட்டை பால்போல் வெளுத்துவிடும். வேறு வழியில்லாமல் பற்றவைத்தால் போரிக் ஆசிட் பூசிக்கொள்வோம். உள் பிளவில் கண்ணாடி நிரப்பிய கல்லானால் அதுவும் காப்பாற்றாது, நிரப்பியது உருகி வெளியே வந்துவிடும்.

நம் ஊர் நகையில் முத்தும் கொழும்பு நீலமும் வைரத்தோடு சேர்ந்தே இருக்கும். கடையில் வைரத்தை மதிப்பிடுவார்கள், மற்றவற்றுக்குச் சுழி போடுவார்கள். அந்தக் கற்களைக் கழற்றிக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். முத்து வைத்த பேசரியை நகை கழுவும் அதிர்வுத் தொட்டியில் (அல்ட்ராசோனிக்) போடவும் விடாதீர்கள், முத்தின் மேல்தோல் போய்விடும்.

ராமநாதபுரம், கணக்கு எழுதுபவர்

வரி பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம், அது புது நகையின் முழு விலைக்கும் விழும். 3,00,000 மோதிரத்துக்குப் பழையது 1,20,000 கழித்தாலும் வரி 9,000-தான், மீதி 1,80,000-க்கு 5,400 அல்ல. பழையதைக் கொடுப்பதும் விலையின் ஒரு பகுதி என்பதால் இது கடையின் தந்திரம் இல்லை, சட்டம். வீட்டு ஆள் பழைய நகை கொடுப்பதற்குத் தனியாக ஜிஎஸ்டி கிடையாது. "பழையதற்கு வரி" என்று கழித்தால்தான் கேட்க வேண்டும்.

இரண்டு லட்சத்துக்கு மேல் போனால் பான் எண் வேண்டும், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடை வாங்க முடியாது. மாற்றிக் கொடுப்பதும் வருமான வரிக் கணக்கில் விற்பனைதான். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகையின் ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம். பாட்டி வழி வந்ததானால் அவர் வாங்கிய விலைதான் அடிப்படை. 2001 ஏப்ரல் 1-க்கு முந்தைய நகைக்கு அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். பில் இல்லாத தோட்டுக்கு ஒரு மதிப்பீட்டுச் சான்று வாங்கி வைப்பது நல்லது.

கீழக்கரை, கல் தரகர்

புதுக்கல் பக்கம் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. மேசையில் வைத்திருக்கும் பேனா மாதிரி டெஸ்டர் சூடு கடத்துவதைத்தான் பார்க்கிறது. ஆய்வகத்தில் சிவிடி, எச்பிஎச்டி என்ற முறைகளில் வளர்த்த கற்களும் வைரமே என்பதால் அதில் அப்படியே தேறிவிடும். பழைய மாடல் டெஸ்டரில், வைரம்போல் தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்லும் தேறிவிடும். அதனால் "டெஸ்டர் கத்துது பாருங்க" என்பது சான்றில்லை. பில்லில் இயற்கை வைரம் என்ற சொல்லும் ரிப்போர்ட் எண்ணும் இருக்க வேண்டும். வளர்த்த கல்லின் விலை சில ஆண்டுகளாக விழுந்துகொண்டே வருகிறது. அதை அடுத்த முறை மாற்றும்போது எடுப்பார்களா, என்ன வீதம் என்று இப்போதே கேளுங்கள். பல கடைகள் எடுப்பதில்லை.

ராமநாதபுரம், நகைக்கடையில் பழைய நகை மதிப்பிடுபவர்

துபாயில் வாங்கிய நகை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து: 750 (18 கேரட்) முத்திரை இருந்தாலும் இங்கே சோதித்துத்தான் எடுப்பார்கள், அந்த ஊர்ப் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

புது மோதிரம் கைக்கு வந்ததும் கடையிலேயே நின்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் எச்யுஐடி அடித்துப் பாருங்கள். அது தங்கத்துக்கு மட்டும். கல்லுக்கு லூப்பில் கர்டில் எண். பில்லில் மொத்த எடை, தங்க எடை, கல் எடை, செய்கூலி தனித்தனியாக இருக்கிறதா, அடுத்த மாற்றத்துக்கான நிபந்தனை பின்பக்கம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பில் வெப்பத்தாளில் வந்தால் அன்றே நகல் எடுத்துவிடுங்கள். நம் கடற்கரை வெக்கையில் அந்த மை சீக்கிரமே வெளுத்துவிடும்.