கொடுத்தவர் பெயரைச் சொல்லாதவர்கள் சுயேச்சையா?

அருள்மொழி: லண்டன் ஐஇஏ (இன்ஸ்டிடியூட் ஆஃப் எகனாமிக் அஃபேர்ஸ்) "சுயேச்சையான பொருளாதாரச் சிந்தனைக் குழாம், அதனால்தான் அரசுகள் அதன் பேச்சைக் கேட்கின்றன" என்று வேலன் எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. நன்கொடையாளர் பட்டியலை வெளியிடாத இடம் எப்படிச் சுயேச்சை? யார் கொடுத்தார்கள் என்று முதலில் சொல்லட்டும்.

வேலன்: கொடுப்பவர் பெயரைக் காப்பது குற்றமா? 1955-இல் ஆன்டனி ஃபிஷர் தொடங்கிய அமைப்பு அது. அரசியலில் இறங்காதே, கருத்தை மாற்று என்று பொருளாதார அறிஞர் ஹாயெக் சொன்ன யோசனையில் பிறந்தது. அறிக்கையைப் படித்துத் தப்பைக் காட்டுங்கள்.

மீனாட்சி: இருவரும் "சுயேச்சை" என்று எதைச் சொல்கிறீர்கள்?

அருள்மொழி: தப்புதானே வேண்டும்? 2022 செப்டம்பர் 23 அன்று அப்போதைய பிரிட்டன் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் தன் மினி பட்ஜெட்டில் 45% உச்ச வருமான வரியை நீக்குவதாக அறிவித்தார். ஐஇஏ வரவேற்றது. மூன்றே நாளில் டாலருக்கு எதிராக பவுண்டு வரலாறு காணாத அளவு சரிந்தது. 28-ஆம் தேதி ஓய்வூதிய நிதிகளைக் காப்பாற்ற மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து அரசுக் கடன்பத்திரம் வாங்க வேண்டிவந்தது. வரிக்குறைப்பால் லாபம் அடைபவர்கள் அந்த நன்கொடையாளர்களில் இருக்கிறார்களா? மக்களுக்குத் தெரிய வேண்டாமா?

வேலன்: பட்ஜெட் போட்டவர் அமைச்சர். வரவேற்றவர்மேல் ஏன் பாய்கிறீர்கள்?

மீனாட்சி: வரி, அரசுச் செலவு பற்றி ஆராயும் ஐஎஃப்எஸ்ஸும் (இன்ஸ்டிடியூட் ஃபார் ஃபிஸ்கல் ஸ்டடீஸ்) லண்டனில்தான் இருக்கிறது. யார் நிதி தருகிறார்கள் என்று வெளியிடுகிறது.

வேலன்: அதில் பெரும்பங்கு பொது ஆராய்ச்சி நிதி. அரசுக் காசு வாங்குபவர் அரசை எதிர்த்துப் பேசுவாரா?

மீனாட்சி: அந்த பட்ஜெட்டைக் கடுமையாக விமர்சித்ததே ஐஎஃப்எஸ்தான், சார்.

பாரி: ஃபிஷர் கோழிப்பண்ணை முதலாளி. அவருக்கு எதற்குப் பொருளாதாரம்?

வேலன்: கோழி வளர்த்துச் சம்பாதித்தால் கேவலமா? இந்தியத் திட்டக்குழு 1951-இல் வந்தது என்று போன மாதம் அடம்பிடித்த பாரிதானே நீங்கள்? 1950, ஐயா!

பாரி: 1951 என்று நான் சொன்னது முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை.

வேலன்: இல்லை, குழுவைத்தான் சொன்னீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அருள்மொழி: திட்டக்குழுவை விடுங்கள். நான்காவது முறையாகக் கேட்கிறேன் வேலன், கொடுத்தவர் யார்?

வேலன்: இரண்டாவது முறைதான். எண்ணவும் தெரியவில்லை, வரிக்கொள்கை பேச வந்துவிட்டீர்கள்.

அருள்மொழி: எண்ணிக்கை கிடக்கட்டும். பெயர்?