சம்பா அரிசியைக் கரண்ட் அடுப்பில் வைப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மேல்புறத்துக்காரன் கேட்டது:

வீடு கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி. அம்மைக்கு அறுபது தாண்டிவிட்டது. போன மழைக்காலத்தில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. டாக்டர் சொன்னது ஒன்றுதான்: முதலில் புகையை விடுங்கள், மாத்திரை அப்புறம்.

நான் துபாயில் இருக்கிறேன். லீவில் வந்தபோது ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வைத்தேன். கேஸ் ஏற்கெனவே உண்டு. ஆனால் சிலிண்டர் தீர்ந்துபோகும் என்று பயந்து, சாயா போடவும் முட்டை பொரிக்கவும் மட்டும்தான் அம்மை அதைத் தொடுவாள். இப்போது இன்டக்‌ஷனுக்கும் அதே கதி. வீடியோ காலில் கூப்பிட்டால் பின்னால் விறகடுப்பு எரிகிறது. கேட்டால், "சம்பா அரிசி இதுல வேவாது, மீன்சட்டி இதுல சூடாவாது, கரண்டு போனா யாரு சோறு தருவா?" என்கிறாள். தோட்டத்தில் ஓலை, மட்டை, கொதும்பு, கதம்பல் எல்லாம் சும்மா கிடக்கும்போது காசு கொடுத்து எதற்குக் கரண்ட் என்பது அடுத்த கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

யாராவது தினமும் சம்பா அரிசியைக் கரண்டில் வைக்கிறீர்களா? பில் எவ்வளவு ஏறும்? பேசாமல் விறகடுப்பை இடித்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். தங்கை வேண்டாம் என்கிறாள்.

பால்வெட்டு_85:

எங்க பாட்டி தொண்ணூறு வயசு வரைக்கும் விறகடுப்பில்தான் பொங்கினாள், ஒன்றும் ஆகவில்லை. விறகில் வைத்த மீன்கறிக்கு உள்ள ருசி வேறு எதிலும் வராது. அம்மையைச் சும்மா விடுங்க.

குழித்துறை அக்கா:

தம்பி, அடுப்பை இடிக்காதீர்கள், தங்கை சொல்வதுதான் சரி. அந்த அடுப்பு சோறு பொங்க மட்டுமா இருக்கிறது? ஆடி மழையில் குளிக்க வெந்நீர், மேலே பரணில் புகையில் காயும் குடம்புளி, மாடு இருந்தால் அதற்குக் கஞ்சி என்று அதற்கு நாலு வேலை. நீங்கள் இடித்தால் உங்கள் அம்மை கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டித் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து ஊதுவார். எங்கள் அடுத்த வீட்டில் அதுதான் நடந்தது. உள்ளே இருந்த புகைப்போக்கியும் போயிற்று.

சோற்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். நம் பக்கத்துச் சிவப்புச் சம்பா வெள்ளை அரிசி மாதிரி இல்லை. விறகில் வைத்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வேண்டும், அவ்வளவு நேரமும் தீயைத் தள்ளிக்கொண்டே புகைக்குள் நிற்க வேண்டும். கறியெல்லாம் அதற்குள் முடிந்துவிடும். அதனால் சோறு மாறினாலே அவர் மூக்கில் ஏறும் புகையில் பெரிய பங்கு குறையும்.

அதற்கு வழி, தெர்மல் ரைஸ் குக்கர். மார்த்தாண்டத்தில் எந்தப் பாத்திரக் கடையிலும் உண்டு, எல்லைக்கு அந்தப்புறம் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கும். வெளியே சூடு காக்கும் பெரிய டப்பா, உள்ளே எவர்சில்வர் பானை. டப்பாவில் கரண்ட் இல்லை, வயரும் இல்லை. முக்கால் கிலோ அரிசிக்கு நாலு லிட்டர் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தால் கால் மணி நேரத்தில் கொதி வரும். மூடி போட்டு இன்னும் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டு, அப்படியே பானையைத் தூக்கி டப்பாவுக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஒரு பருக்கையை விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் கால் மணி நேரம் விட்டுவிட்டு வடியுங்கள். அரிசி பழசா புதுசா என்பதைப் பொறுத்து நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும், அதை அம்மையே இரண்டாம் நாளில் பிடித்துவிடுவார். பானை டப்பாவுக்குள் போன பிறகு கரண்ட் போனாலும் சோறு பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் உள்பானைகளில் பல காந்தம் ஒட்டாத எவர்சில்வர். இன்டக்‌ஷன் அதைக் கண்டுகொள்ளாது, பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய், பானையின் அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் இன்ஃப்ராரெட் அடுப்பு வாங்கிவிடுங்கள். கண்ணாடிக்குக் கீழே கம்பி பழுத்துச் சூடு தரும் கரண்ட் அடுப்பு அது. அதில் அலுமினியம், எவர்சில்வர், மண்சட்டி எல்லாம் வைக்கலாம். இன்டக்‌ஷனைவிடக் கொஞ்சம் கரண்ட் கூடக் குடிக்கும், அணைத்த பிறகும் கண்ணாடி சுடும். ஆனால் மீன்சட்டிப் பிரச்சினை தீர்ந்தது. சட்டி மட்டும் அடி தட்டையாக இருக்க வேண்டும். உருண்டை அடிச் சட்டி கண்ணாடியில் நடுவில் மட்டும்தான் தொடும், புளி கொதிப்பதற்குள் மீன் உடைந்துவிடும்.

பால்வெட்டுத் தம்பிக்கு: உங்கள் பாட்டி நல்லா இருந்தது சந்தோஷம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2020இல் மட்டும் வீட்டுக்குள் வரும் அடுப்புப் புகையால் செத்தவர்கள் 32 லட்சம் பேர், அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. தப்பித்த பாட்டிகளைத்தான் நமக்குத் தெரியும்.

களியல் வயர்மேன்:

அடுப்பு வாங்குவதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். 2000 வாட் அடுப்பு 230 வோல்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்சி போடுகிற 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் சொருகினால் கொஞ்ச நாளில் பிளக் கருகும். நான் மாற்றுகிற கருகிய பிளக்குகளில் பாதி அடுக்களையில்தான். பழைய வீடுகளில் அடுக்களைக்கு லைட்டுக்கும் பிளக்குக்கும் ஒரே லைன், எர்த் இருக்கிற மாதிரி மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே வயர் இருக்காது. போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் மி.மீ. வயர், 16 ஆம்பியர் பிளக், அதற்கு ஒரு எம்சிபி (லோடு கூடினால் தானே அணைகிற சுவிட்ச்), ஒழுங்கான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகவே ஆகாது.

அப்புறம் வோல்டேஜ். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் மோட்டார் ஓடும்போது 180க்கு இறங்கும் இடங்கள் நம் மலையோரத்தில் உண்டு. அப்போது 2000 வாட் இன்ஃப்ராரெட் 1200 வாட் வேலைதான் செய்யும், கால் மணி நேரம் அரை மணி நேரமாக ஆகும். இன்டக்‌ஷன் சில நேரம் எர்ரர் காட்டி நின்றுவிடும். உடனே அடுப்பு கெட்டுப்போச்சு என்று சொல்வார்கள். சோற்றைக் காலையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

மேல்புறத்துக்காரன்:

அக்கா, அண்ணன், ரொம்ப நன்றி. எங்கள் வீட்டில் மிக்சி பிளக்கில்தான் இன்டக்‌ஷன் ஓடுகிறது, இன்றைக்கே தங்கையிடம் சொல்லி நிறுத்துகிறேன். பில் கணக்கு யாராவது சொல்லுங்கள். இப்போது இரண்டு மாதத்துக்கு 220 யூனிட் அளவில் வருகிறது.

களியல் வயர்மேன்:

அக்கா சொன்ன சோறு இன்ஃப்ராரெட்டில் ஒரு யூனிட்டுக்குள் முடியும். மூன்று லிட்டர் வெந்நீருக்கு 0.4. கறி, சாயா எல்லாம் சேர்த்து நாளைக்கு 2 யூனிட் என்று தாராளமாக வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 120 கூடும், 220 என்பது 340 ஆகும். நம் தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம், 500க்குள் இருக்கும்வரை பயமில்லை. கூடுகிற யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் 600 ரூபாய்தான். 500 தாண்டினால் கீழ் ஸ்லாபில் கிடைக்கும் மலிவு விலையும் கையைவிட்டுப் போகும், ஏசி போடுகிற வீடுகள்தான் அதைப் பார்க்க வேண்டும்.

பாறசாலை மருமகள்:

எனக்குப் பிறந்த வீடு உங்கள் பக்கம்தான், இப்போது எல்லைக்கு அக்கரை, கேரளத்தில். இங்கே அந்த 100 யூனிட் இலவசம் கிடையாது. அதோடு மாதம் 250 தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் ஒரே கூடிய விலை. அப்படியும் நான் சோறும் பயறும் கரண்டில்தான் வைக்கிறேன், மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மட்டும் கேஸில்.

உங்கள் அம்மைக்கு யூடியூப் காட்டாதீர்கள். என் மாமியாரை மாற்றியது எங்கள் வார்டு அங்கன்வாடி. கேரளத்தில் எனர்ஜி மேனேஜ்மென்ட் சென்டர் 'அங்கன் ஜோதி' என்று அங்கன்வாடிகளுக்குக் கரண்ட் அடுப்புகள் கொடுத்தது. பேத்தியைக் கூப்பிடப் போனவர் ஹெல்பர் அதில் கஞ்சியும் பயறும் வைப்பதைப் பார்த்திருக்கிறார். சட்டியை எங்கே வைக்கணும், எதைத் தொடணும் என்று அந்த அம்மாவிடமே கேட்டுவிட்டு வந்தார். நான் சொன்னபோது காதில் விழவில்லை! சொந்தத்தில் யார் வீட்டிலாவது டப்பா சோறு வைத்தால் ஒரு நாள் சாப்பிடக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

மேல்புறத்துக்காரன்:

சித்தி வீடு குன்னத்துக்காலில் இருக்கிறது, அங்கே அந்த டப்பா உண்டு என்று இப்போதுதான் தங்கை சொல்கிறாள். அம்மையிடம் பேசினேன். ஒரே சந்தேகம் கேட்டாள்: டப்பாவில் வைத்தால் ஆட்டுக்குக் கஞ்சித்தண்ணி கிடைக்குமா?

குழித்துறை அக்கா:

வடிக்கத்தானே போகிறார், கிடைக்கும். விறகில் கொதித்த மாதிரிக் கொழகொழவென்று இருக்காது, கொஞ்சம் நீர்த்திருக்கும். ஒரு பிடி தவிடு கலந்து வைக்கச் சொல்லுங்கள், எங்கள் ஆடு குடிக்கிறது.