பன்மொழியம் படிக்க நாடு மாறிச் செல்வது பயன் தருமா?

கேள்வி:
மதுரையில் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடித்துவிட்டு, அடுத்துச் சமூகமொழியியல் படிக்க விரும்புகிறேன். எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். ஜெர்மனியின் மைன்ஸ், லித்துவேனியாவின் கௌனாஸ், சுவீடனின் ஸ்டாக்ஹோம், எஸ்டோனியாவின் தார்த்து ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய, சமூகமொழியியலும் பன்மொழியமும் குறித்த முதுகலைப் படிப்பைப் பற்றி அறிந்தேன். பருவத்துக்குப் பருவம் நாடு மாறினால் எந்த ஊரின் மொழிநிலையும் ஆழமாகப் பிடிபடாமல் போய்விடாதா? ஆய்வேட்டுக்குச் சௌராஷ்டிரத்தை எடுக்கலாமா, அங்குள்ள மொழியொன்றைத்தான் எடுக்க வேண்டுமா? துறையில் இருப்பவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தங்கள் ஐயம் நியாயமானது. ஆனாலும் இந்தத் துறைக்கு நாடு மாறிப் படிப்பது பெரிதும் உதவும் என்றே கருதுகிறேன். ஓர் அரசு தன் மக்களின் மொழியைப் பற்றி என்ன கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பது, இரண்டு மூன்று நாடுகளின் தரவுகளை நேரில் கையாளும்போதுதான் உறைக்கும். நம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்று மக்கள் சொன்ன 19,569 பெயர்கள் சரிபார்ப்புக்குப் பின் 1,369 ஆகி, இறுதியில் 121 மொழிகளுக்குள் அடக்கப்பட்டன. அந்த அடக்கத்தில் தங்கள் சௌராஷ்டிரம் குஜராத்தியின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. அதே 2011இல் எஸ்டோனியா தன் கணக்கெடுப்பில் வட்டார வழக்கு தெரியுமா என்று தனியாகக் கேட்டது. தென்கிழக்கில் வழங்கும் வோரோ வழக்கை, அதன் நெருங்கிய வழக்கான சேத்தோவையும் சேர்த்து, சுமார் 87,000 பேர் அறிந்தவர்கள் என்பது அந்த ஒரு கேள்வியால்தான் வெளிப்பட்டது. சுவீடனோ மக்கள் பேசும் மொழி பற்றிய அதிகாரபூர்வப் புள்ளிவிவரமே திரட்டுவதில்லை. பள்ளிகளில் தாய்மொழிக் கல்விக்கு உரிமை பெற்ற மாணவர்களின் எண்ணிக்கையைக் கொண்டே ஆய்வாளர்கள் ஓரளவு ஊகிக்கிறார்கள். ஜெர்மனி, வீட்டில் பேசும் மொழியைத் தன் மாதிரிக் கணக்கெடுப்பில் 2017இல்தான் மீண்டும் கேட்கத் தொடங்கியது. இந்த எண்களை ஒரே அட்டவணையில் அடுக்கி ஒப்பிட இயலாது. ஏன் இயலாது என்று விளக்குவதே நல்லதோர் ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள்.

ஆகவே சௌராஷ்டிரத்தை விட்டுவிட வேண்டாம். வோரோ அடங்கிய தென் எஸ்டோனிய மொழியில் 1686இலேயே புதிய ஏற்பாடு அச்சானது. 1995இல் வோரோவுக்கெனத் தனி நிறுவனமும் அமைந்தது. இருந்தும் வோரோ தனி மொழியா, வழக்கா என்ற வாதம் தீரவில்லை. தனி எழுத்தும் அச்சு நூல்களும் கொண்ட சௌராஷ்டிரத்தை அதனோடு சேர்த்து ஆராயத் தங்களைப் போன்ற ஒருவர் முன்வந்தால் மனமார மகிழ்வேன்.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் தரவு பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் களப்பணியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், களம் ஆங்கிலத்தில் நடக்காது. எஸ்டோனியாவின் நார்வா நகரில் 10இல் 9 பேருக்கு மேல் ரஷ்ய மொழி பேசுபவர்கள். எஸ்டோனிய மொழிவழிக் கல்விக்கு மாறும் திட்டம் 2024 செப்டம்பரில் மழலையர் பள்ளிகளிலும் 1, 4ஆம் வகுப்புகளிலும் தொடங்கியிருக்கும் நிலையில், அங்குள்ள பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய விரும்பும் மாணவர், ரஷ்யன் தெரியாமல் ஆங்கிலம் பேசும் சிலரை மட்டும் சந்தித்துத் திரும்பினால், நகரின் மிகச் சிறிய ஓர் அடுக்கையே ஆராய்ந்தவர் ஆவார். முதல் பருவத்திலேயே ஒரு களமொழியைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து பயிலுங்கள். பருவத்துக்கு 30 தரப்புள்ளிகள் (கிரெடிட்) என்றால், புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்ற கணக்கில், ஏறத்தாழ 750 முதல் 900 மணி நேரம்; அதற்குள் மொழிப் பயிற்சிக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. களமொழி ஒன்றைப் புதிதாகக் கற்பதைவிட, அங்கே கோட்பாடும் முறையும் பயின்று, களப்பணியை மதுரையில் வைத்துக்கொண்டால் ஏற்பார்களா?

மறுமொழி 2:
நெறியாளர் இசைந்தால் தடையிருக்காது என்றே எண்ணுகிறேன். தாங்கள் பேசி வளர்ந்த மொழி என்பது பெரும் பலம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கவனியுங்கள். 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி, ஒருவரின் குரல் பதிவும் தனிப்பட்ட தரவாகும். பேசுபவரின் இனம் பற்றிய விவரத்துக்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு உண்டு. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்காகச் செய்யும் ஆய்வென்பதால் பதிவு மதுரையில் நடந்தாலும் இந்த விதிமுறை பொருந்தும் என்று கொண்டு, ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் சௌராஷ்டிரத்திலும் தயாரித்து, பதிவுகளை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதையும் அதில் எழுதி, ஊருக்குப் புறப்படும் முன்பே நெறியாளரிடம் காட்டி அனுமதி பெற்றுவிடுங்கள்.