குட்டித் தேவதைத் தோட்டத்தில் பாசிக்குப் பதில் எதை நடலாம்?

வணக்கம் நண்பர்களே. மகளுக்காக 14 அங்குல மண்தொட்டியில் ஒரு தேவதைத் தோட்டம் (குட்டி வீடு, மரம், பாதை வைத்த பொம்மைத் தோட்டம்) அமைத்திருக்கிறேன். செம்மண், மணல், தொழுவுரம் சம அளவில் கலந்தேன். மரமாக ஜேடு செடி (தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கும் செடி), குட்டி வீட்டருகே டேபிள் ரோஸ், கூழாங்கல் பாதை. புல்வெளிக்காகக் கிணற்றடிச் சுவரிலிருந்து பெயர்த்து வைத்த பாசிதான் மதுரை வெயிலில் பத்தே நாளில் பழுப்பாகிவிட்டது. அதைக் காப்பாற்றத் தினமும் தண்ணீர் தெளித்தேன். ஜேடு இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. ஒன்றுக்கு ஈரம் வேண்டும், மற்றதற்கு ஆகாது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

தொட்டி மொட்டைமாடியில் இருக்கிறது. நான்கு மணி நேரம் வெயில் படும். மண் காய்ந்தாலும் தாங்கி, தரையோடு படரும் சிற்றிலைச் செடி எது? ஜேடை உடனே வேறு மண்ணுக்கு மாற்ற வேண்டுமா? அதைக் கத்தரித்து மரம் போல வளர்ப்பவர்கள் படத்துடன் சொன்னால் பேருதவியாக இருக்கும். சனிக்கிழமை அவள் பிறந்தநாள்.