துவாக்குடி சொந்தங்கள் குழுவில்: குவைத் முகாமில் வெல்டர் வேலை

சரவணன், இரவு 8:12
(வந்த செய்தி) “குவைத் அமெரிக்க ராணுவ முகாமுக்கு வெல்டர் அவசரத் தேவை. சம்பளம் மாதம் 2,20,000. சாப்பாடு, ரூம் இலவசம். விசிட் விசாவில் உடனே பயணம். முன்பணம் 60,000 மட்டும். நாளை கடைசி நாள்.”

சரவணன், 8:13
எங்கள் யூனிட்டில் எல்லாருக்கும் இது வந்திருக்கிறது. முருகேசன் மாமா, நீங்கள் குவைத்தில் அரிஃப்ஜான் அமெரிக்க முகாமில்தானே வேலை பார்த்தீர்கள்? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

ரேவதி அத்தை, 8:20
ரெண்டு லட்சத்து இருபதாயிரமா! அத்தைக்கு ஒரு ஜோடி வளையல் எடுத்து வைத்துவிடு தங்கம்.

அம்மா, 8:24
அங்கேதானே குண்டு விழுந்தது? வேண்டாம்டா.

கார்த்திக், 8:26
சித்தி, நீங்கள் சொல்வது கத்தார். 2025 ஜூன் 23-ஆம் தேதி அல் உதெய்து தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை விட்டது. இது குவைத்.

அம்மா, 8:27
எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே.

முருகேசன் மாமா, 9:05
இப்போதுதான் கடை சாத்தினேன். சரவணா, பணம் எதுவும் அனுப்பிவிடவில்லையே?

சரவணன், 9:06
இல்லை மாமா. நாளைக்குள் ஜிபே பண்ணச் சொல்கிறார்கள்.

முருகேசன் மாமா, 9:11
பண்ணாதே. முதலில் சம்பளத்தைப் பார். முகாம் ஒன்றுதான், உள்ளே சம்பளம் ஆளுக்கு ஆள் வேறு. அமெரிக்கக் குடிமகனாக இருந்து, ரகசிய இடங்களில் வேலை செய்ய அமெரிக்க அரசு தரும் கிளியரன்ஸும் வைத்திருக்கிற வெல்டர் டாலரில் அள்ளுவான். அந்தக் கிளியரன்ஸ் நமக்குக் கிடைக்காது. முகாமுக்கு வேண்டிய வேலைகளைச் செய்ய ராணுவம் ‘லாக்கேப்’ என்று பெரிய ஒப்பந்தம் போடும். அதை கே.பி.ஆர். மாதிரி பெரிய கம்பெனிகள் எடுப்பார்கள். அவர்கள் சப்-காண்ட்ராக்டுக்கு விடுவார்கள், அவன் இன்னொருவனுக்கு விடுவான். நம் விசா இருப்பது அந்தக் கடைசி ஆளிடம்.

முருகேசன் மாமா, 9:13
எனக்கு அடிப்படை 160 தினார். ஓவர்டைம் நன்றாக விழுந்த மாதம் 230 வரும். இந்தச் செய்தியில் போட்டிருப்பது 700 தினாருக்கு மேல். எங்கள் ஃபோர்மேனே அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

சரவணன், 9:15
230 தினார் என்றாலும் இன்றைக்கு அறுபதாயிரத்துக்கு மேல் மாமா. சாப்பாட்டுச் செலவும் கிடையாது. இங்கே எனக்கு அதில் பாதி கூட இல்லை.

முருகேசன் மாமா, 9:22
அதனால்தான் போகாதே என்று நான் சொல்லவில்லை. வேலை நல்ல வேலை. கேட்டில் கைரேகை, கண் ஸ்கேன், பேட்ஜ். கேமரா போனை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். ஹாட் ஒர்க் பெர்மிட், அதாவது தீப்பொறி பறக்கிற வேலைக்கான அனுமதிச் சீட்டு, இல்லாமல் வெல்டிங் அடிக்க முடியாது, பக்கத்தில் தீயணைப்பானோடு ஒருவன் நிற்பான். ஜெனரேட்டர் பிரேம், கன்டெய்னர் கதவு, தண்ணீர் டேங்கர் விரிசல் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். 7018 என்கிற வெல்டிங் ராடு ஓவனில் சூடாகவே இருக்க வேண்டும். டப்பாவில் ஆறிக் கிடந்த ராடை எடுத்தால் இன்ஸ்பெக்டர் பிடுங்கிக் குப்பையில் போடுவார். இங்கே மழைத் தண்ணீரில் நனைந்ததை வெயிலில் காயவைத்து ஓட்டுகிறோமே, அந்தக் கதை அங்கே நடக்காது.

ரேவதி அத்தை, 9:24
அந்த 60,000 வாங்குவது வழக்கம்தானே அண்ணா? நம் தெருவில் எல்லாரும் கொடுத்துத்தான் போனார்கள்.

கார்த்திக், 9:29
இந்திய விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் அத்தை. அமெரிக்க அரசு ஒப்பந்த வேலை என்றால் அதுவும் கிடையாது. வேலைக்கு வருகிற ஆளிடம் ஆள்சேர்ப்புக் கட்டணமே வாங்கக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது என்று அவர்கள் ஒப்பந்தத்திலேயே ஷரத்து இருக்கிறது. சப்-காண்ட்ராக்டருக்கும் அது பொருந்தும்.

முருகேசன் மாமா, 9:31
ஷரத்து இருக்கிறது தம்பி. என் பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில்தான் இருந்தது. முகாமில் புகார் எண் போட்ட போஸ்டர் சுவரில் ஒட்டியிருக்கும், யாரும் கிட்டே போக மாட்டார்கள். பேட்ஜைப் பிடுங்கிவிட்டால் அடுத்த விமானம்தான் என்கிற பயம்.

அம்மா, 9:33
அடிபட்டால் யார் பார்ப்பார்கள்?

முருகேசன் மாமா, 9:38
நல்ல கேள்வி கேட்டாய் செல்வி. என்னோடு இருந்த பையன் ஒருவனுக்கு கிரைண்டிங் டிஸ்க் உடைந்து கண்ணில் அடித்தது. கம்பெனி டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டது. டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்று 1941-இலேயே போட்ட அமெரிக்கச் சட்டம் இருக்கிறது. இப்படி அமெரிக்கத் தளத்தில் ஒப்பந்த வேலை செய்கிறவன் எந்த நாட்டு ஆளாக இருந்தாலும் வைத்தியச் செலவும், வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும் உண்டு. உயிர் போனால் மனைவி மக்களுக்கும் உண்டு. பொதுவாக ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். அவனுக்கு இது தெரிந்தபோது காலம் தாண்டிவிட்டது.

கார்த்திக், 9:41
சரவணா, நீ பத்தாவது பாஸ், அதனால் உன் பாஸ்போர்ட் ஈசிஎன்ஆர். குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பது வசதி போலத் தெரியும். ஆனால் உன் ஒப்பந்தத்தை இங்கே எந்த அதிகாரியும் பார்க்க மாட்டார். நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். விசிட் விசாவில் போய் வேலை செய்வது சட்ட விரோதம். ஏஜென்டிடம் லைசென்ஸ் எண் கேள்.

சரவணன், 9:55
கேட்டேன். போட்டோ அனுப்பியிருக்கிறார். இதோ.

கார்த்திக், 10:02
வெளிநாட்டு வேலை ஏஜென்ட்களைப் பதிவு செய்கிற இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் போட்டுப் பார்த்தேன். எண் உண்மையானது. ஆனால் மும்பையில் இருக்கும் வேறு கம்பெனியுடையது. உன் ஆள் திருச்சி ஆபீஸ் என்றானே?

சரவணன், 10:04
அந்த மும்பைக் கம்பெனியின் கிளை என்கிறார்.

கார்த்திக், 10:05
அப்படியானால் தளத்தில் அந்தக் கிளையும் பதிவாகியிருக்க வேண்டும். இல்லை.

சரவணன், 10:09
நாளை ஒரு நாள்தான், இடம் போய்விடும் என்கிறார். பிளாக் பண்ணிவிட்டேன்.

ரேவதி அத்தை, 10:10
என் வளையல் போச்சு 😄

முருகேசன் மாமா, 10:16
போகாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க நம் தமிழ்நாடு அரசு நடத்தும் ஓஎம்சிஎல் சென்னையில் இருக்கிறது, அவர்கள் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இரு. யார் கூப்பிட்டாலும் வேலை தரும் கம்பெனி பெயர், அடிப்படைச் சம்பளம், எத்தனை மணி நேரம், திரும்பி வரும் டிக்கெட் யார் செலவு, இதெல்லாம் எழுத்தில் வாங்கு. அதோடு டெஸ்ட்டுக்குத் தயாராகு. 6ஜி, அதான் சாய்வாக நிறுத்தின பைப்பைத் திருப்பாமல் சுற்றி வெல்டிங் அடிக்கிற டெஸ்ட், ஓட்டியிருக்கிறாயா?

சரவணன், 10:19
போன வாரம் ஒன்று ஓட்டினேன் மாமா. அடி லேயர் (ரூட்) டிக் வெல்டிங், மேலே 7018 ராடு. உள்பக்க போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

முருகேசன் மாமா, 10:24
பக்கவாட்டில் அழகாக வந்திருக்கிறது. பைப்பின் அடிப்பக்கம், ஆறு மணி இடத்தைப் பெரிதாக்கிப் பார். ரூட் உள்ளே இறங்காமல் குழியாக நிற்கிறது. எக்ஸ்ரேயில் அங்கேதான் தள்ளுவார்கள். அடியில் வரும்போது ஃபில்லர் கம்பியை இன்னும் உள்ளே தள்ளிக் கொடுக்க வேண்டும், ரெண்டு பைப்புக்கு நடுவே விடுகிற கேப்பும் உனக்குக் கம்மி.

சரவணன், 10:25
ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா மாமா?

முருகேசன் மாமா, 10:26
காலையிலேயே வா. பைப் துண்டு நீ எடுத்து வா, டிக் வெல்டிங்குக்கு ஆர்கான் கேஸ் பட்டறையில் இருக்கிறது.