படித்துறை வளைவு: ஒரு மாற்று யோசனை

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

நம் ஊர்த் தாமிரபரணிப் படித்துறைக்கு, பணம் தருபவர்கள் பெயர் பொறித்து அலங்கார வளைவு கட்டலாம் என்று துபாய் அண்ணாச்சி போட்டிருந்த செலவுக் கணக்கைப் பார்த்தேன். பணம் தர எனக்குத் தடையில்லை. ஆனால், வளைவுக்குக் கீழே ஓடும் தண்ணீரில் குளிக்கலாமா என்று கேட்டால் நம் ஊர்ச் சங்கத்தில் யாரிடமும் பதில் இல்லையே!

குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறை வைத்திருக்கிறது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாமிரபரணியில் அரசு மாதிரி எடுக்கும் இடங்களில் நம் படித்துறை இல்லை. சாக்கடை ஓடை கலந்த பிறகு தண்ணீர் என்ன ஆகிறது என்பதை நாமே அளந்தால்தான் உண்டு.

அது அப்படியொன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி புகாமல் நீரை நிரப்பி, கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு மூடிக் குலுக்கினால் வீழ்படிவு இறங்கும். பழுப்பாக இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் மீன் பிழைக்காது. எவ்வளவு என்பதைக் கல்லூரி வேதியியல் துறையில் தரம்பார்த்துச் சொல்லிவிடலாம். கிருமிப் பரிசோதனைக்குத்தான் செலவு. மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

ஊர்க்காரர்களை நம்பி ஆராய்ச்சியா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் நம் பக்கத்துக் குளங்களில் தன்னார்வலர்களைச் சேர்த்து நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. ஒரே குளத்தில் வருடக்கணக்காக எண்ணியிருந்தால்தான், நீர்க்காகம் குறைந்தது மழை பொய்த்ததாலா, மீன் அற்றுப்போனதாலா என்று பேசவே முடியும்.

ஆகவே, வளைவுப் பணத்தில் பாதியை ஐந்து வருடத்துக்கு இதற்கென ஒதுக்குவோம். ஓடை கலக்கும் இடத்துக்கு மேலே, கீழே, நம் படித்துறை ஆகிய மூன்று இடங்களில் மாதம் ஒருமுறை மாதிரி எடுக்க வேண்டும். கோடையில் ஆறு சுருங்கிக் கிடக்கும் மாதங்களைக் கட்டாயம் விடக் கூடாது. வெள்ளம் போகும்போது மட்டும் எடுத்துவிட்டு ‘ஆறு நன்றாக இருக்கிறது’ என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைப்போம். பெயர் பொறித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அந்தப் பலகையில் தாராளமாக இடம் இருக்கிறது.

ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ஊரில் இருப்பவர்களில் குப்பி பிடிக்க யார் வருவீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.